வலப்பக்கம் அவன் அடைத்தது

அண்ணன் செத்துப் பதினாறு கழிந்ததும், அவன் கட்டிய படகுக்குள் முதலில் ஏறியது எங்கள் வீட்டுக் கோழிதான். உள்ளே ஒரு மூலையில் ஒதுங்கி முட்டையிட்டிருந்தது. முட்டையை எடுக்கக் குனிந்தேன். மர வாடை வந்தது. அப்படியே உள்ளே உட்கார்ந்துவிட்டேன். துட்டி கேட்க வந்தவர்கள் முன்னால் வராத அழுகை எனக்கு அங்கேதான் வந்தது.

நான் ஆறாவது வரைதான் படித்தேன். அப்புறம் தீப்பெட்டி ஆபீஸ்தான். சட்டத்தில் குச்சி அடுக்கும் வேலை. அதனால் எழுத்து முன்னே பின்னே இருக்கும். நடந்ததை நடந்த மாதிரி சொல்கிறேன்.

எங்கள் ஊரிலிருந்து கோவில்பட்டிக்கு ஒரு டவுன் பஸ். அங்கிருந்து தூத்துக்குடிக்கு இன்னொரு பஸ். கடல் அவ்வளவு தள்ளி. ஊரைச் சுற்றிப் பருத்தியும் உளுந்தும் கம்பும்தான். மழை பெய்த வருஷம் கண்மாயில் மூன்று நான்கு மாதம் தண்ணீர் நிற்கும். பெய்யாத வருஷம் பையன்கள் அதற்குள் கிரிக்கெட் ஆடுவார்கள். அந்த ஊரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் பன்னிரண்டு அடி நீளத்தில் ஒரு பாய்மரப் படகு நின்றால் ஊர் சும்மா இருக்குமா? பக்கத்து வீட்டில் ஆடு வளர்க்கும் மாமா தினமும் கேட்பார், தூத்துக்குடிக்கு எந்தப் பக்கம் திரும்பணும் என்று கப்பலுக்குச் சொல்லிக் கொடுத்தாயா என்று.

அண்ணன் தூத்துக்குடியில் தோணி கட்டும் பட்டறையில் கையாளாக இருந்தான். பலகை தூக்குவது, ஆணி எடுத்துக் கொடுப்பது, டீ வாங்கி வருவது. மூன்று வருஷமாகியும் உளியை அவன் கையில் கொடுக்கவில்லை. அங்கே இருப்பவர்கள் எல்லாம் அப்பா, தாத்தா காலத்திலிருந்து அதே வேலை செய்கிறவர்கள். கரிசல்காட்டுக்காரனுக்குத் தண்ணீரைப் பற்றி என்ன தெரியும் என்று சிரிப்பார்களாம். அவன் சண்டை போடுகிற ஆள் கிடையாது. எல்லாவற்றையும் பார்த்து வைத்துக்கொண்டு சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வருவான். தானே ஒன்று கட்டி, லாரியில் ஏற்றிக்கொண்டு போய், பட்டறை மேஸ்திரி முன்னால் இறக்கி வைக்க வேண்டும். அதுதான் அவன் நினைப்பு.

பலகை எல்லாம் உடைத்த தோணியிலிருந்து எடுத்த பழைய அயினி மரம். பஸ்ஸுக்கு மேலே போட்டுக் கொண்டுவருவான். ஒவ்வொரு வாரமும் இரண்டு, மூன்று. கண்டக்டர் திட்டிக்கொண்டேதான் ஏற்றுவார்.

முதலில் ஏரா வைத்தோம். படகுக்கு முதுகெலும்பு மாதிரி அடியில் ஓடும் கட்டை அது. அது கோணினால் எல்லாம் கோணும். ஏராவைத் தரையில் வைத்து ஆரம்பிக்கப் போனபோது அப்பாதான் வந்து தடுத்தார். அப்பாவுக்கு நூல் மில்லில் வேலை. படகைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் மண்ணைத் தெரியும். கரிசல் வெயிலுக்கு வெடிக்கும், மழைக்கு உப்பும், ஒரு இடத்தில் நிற்காது, வீட்டு அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுகிற மாதிரி சரளைக்கல் வரும்வரை தோண்டிக் கல் வை என்றார். ஆறு இடத்தில் இடுப்பளவு தோண்டினோம். தீப்பெட்டி ஆபீஸிலிருந்து நான் கொண்டுவந்த நூலைக் கட்டி இழுத்து நேர் பார்த்தான். நூல் தட்டாமல் இருக்க மூச்சைப் பிடித்துக்கொள் என்பான்.

வங்கு என்றால் படகின் விலா எலும்பு. அதற்கு வளைந்த மரம் வேண்டும். நேரான மரத்தை வளைத்தால் உடைந்துவிடும். அதனால் கம்பியை வேண்டிய வளைவுக்கு வளைத்து எடுத்துக்கொண்டு, கண்மாய்க் கரையில் கருவேல மரம் மரமாகப் போய்க் கிளையோடு வைத்துப் பார்ப்போம். சரியாகப் பொருந்துகிற கிளை கிடைத்தால் அவனுக்குப் பொண்ணு பார்த்து முடிந்த மாதிரி சந்தோஷம்.

பலகை அடித்து முடித்தது மாசியில். அப்புறம் கலப்பத்து. பலகைக்கும் பலகைக்கும் நடுவில் இருக்கும் இடுக்கில் பஞ்சைத் திரித்து வைத்து, மொக்கை உளியால் அடித்து இறக்கி, மேலே குங்கிலியம் காய்ச்சிப் பூசுவது. அப்பா மில்லிலிருந்து கழிவுப் பஞ்சு கொண்டுவந்து கொடுத்தார். நான் தொடையில் வைத்துத் திரி உருட்டுவேன். அவன் கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலால் அடித்து இறக்குவான். பங்குனி வெயில். பலகை அப்பளம் மாதிரி காய்ந்து இடுக்கெல்லாம் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. ஒரு திரி போதும் என்று நினைத்த இடத்தில் மூன்று திரி போகும். நான் போதும் என்பேன். அவன் விடமாட்டான்.

“இன்னும் போகும்ட்டி. இன்னொரு திரி குடு. எங்க கைவேலைல ஒழுகுச்சுன்னு ஒருத்தன் சொல்லப்பிடாது.”

அடித்து முடித்த இடத்தில் என் நகத்தை வைத்து அழுத்தச் சொல்வான். நகம் இறங்கினால் மறுபடியும் அடிப்பான். சித்திரை கடைசிக்குள் வலப்பக்கம் முழுவதும் முடித்துவிட்டான். இடப்பக்கம் தொடவில்லை. வைகாசி முதல் வாரம் எஸ்.டி.டி. பூத்காரர் சைக்கிளில் வந்து அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டார்.

பட்டறையில் பெரிய தோணிக்குப் பக்கவாட்டில் சாரம் கட்டி, அதில் பலகை போட்டு நின்று வேலை செய்வார்கள். அண்ணன் அங்கிருந்து விழுந்திருந்தான். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மேஸ்திரி நல்ல மனுஷன்தான், அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னார்.

“பய கவனமில்லாம இருந்துட்டான் அண்ணாச்சி.”

அப்பா தலையை ஆட்டினார்.

அந்தத் தலையாட்டலை என்னால் மன்னிக்க முடியவில்லை. இப்போது எழுதும்போதுகூட அதே கோபம் வருகிறது. நகம் இறங்குகிறதா என்று பார்க்கிறவன் கவனமில்லாதவனா? ஊருக்கு வந்த பிறகும் கேட்கிறவர்களிடம் எல்லாம் அப்பா அதையேதான் சொன்னார். கவனமில்லாமல் விழுந்துட்டான். கேட்டவர்களும் உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்கள்.

அம்மா பின்வாசல் பக்கம் வருவதை நிறுத்திவிட்டாள். பாத்திரம் கழுவக்கூட முன்வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போவாள். படகின் வங்கு வெளியே தெரிந்த நாளிலேயே தனக்கு மனசு சரியில்லை, பாடை மாதிரி இருக்கிறது என்று நினைத்ததாக ஒருநாள் சொன்னாள். அன்றைக்குத்தான் அப்பா அதை உடைத்துவிடலாம் என்றார். நான் படகின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டேன். பதினெட்டு வயசுப் பிள்ளை செய்கிற காரியமா என்று அம்மா திட்டினாள். அன்று உடைக்கவில்லை.

அடுத்த நாளே இடப்பக்கத்து வேலையை ஆரம்பித்தேன் என்று சொன்னால் பொய். இரண்டு மூன்று மாதம் அதைப் பார்க்கவே பயமாக இருந்தது. ஆவணி கடைசியில்தான் உளியை எடுத்தேன். ஆபீஸ் விட்டு வந்து பொழுது சாய்வதற்குள் ஒரு முழம். ஞாயிற்றுக்கிழமை நாலு முழம். என் கையில் அவன் அடிக்கிற அடி இல்லை. கொட்டாப்புளி கனத்தது. ஒரு திரி வைத்து அடித்தால் தோள்பட்டை கழன்றுபோகும். புரட்டாசியில் மழை ஆரம்பித்தது. பலகை ஈரக்காற்றைக் குடித்து இடுக்கெல்லாம் குறுகிக் கிடந்தது. ஒரு திரிக்கு மேல் போகவில்லை. என் பக்கத்தில் நகத்தை வைத்தால் கொஞ்சம் இறங்கத்தான் செய்தது. ஒழுகினால் என் பக்கம்தான் ஒழுகும் என்று முடிவு செய்துகொண்டேன். ஒழுகட்டும். அவன் பக்கம் நின்றால் போதும்.

ஐப்பசியில் கண்மாய் நிறைந்தது. நாலு வருஷத்துக்குப் பிறகு தண்ணீர் மறுகால் வழிந்து போன வருஷம் அது. கார்த்திகையில் ஒரு காலை அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்து, கோடாலியைச் சாணை பிடித்துக்கொண்டு வந்திருப்பதைப் பார்த்தேன். விறகுக்காகவும் இருந்திருக்கலாம். அதுவரை அப்பாவிடம் நேராக நின்று பேசியது கிடையாது. அன்றைக்குப் பேசினேன்.

“கண்மாயில விடுவோம். ஒழுகாம நின்னா, அண்ணன் கவனமில்லாதவன் இல்லன்னு ஒத்துக்கிடுவீங்களா?”

அப்பா கோடாலியைச் சுவரில் சாய்த்தார்.

“ஒழுகுனா?”

“ஒழுகுனா நீங்களே வெட்டிப் போடுங்க. நான் குறுக்க வரமாட்டேன்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். வயலுக்கு மடை திறந்துவிட்டால் கண்மாயில் தண்ணீர் வடியும். அதற்கு ஒரு வாரம்கூட இல்லை. அதற்குள் விடு என்றார் அப்பா.

ஆட்டுக்கார மாமாதான் மாட்டு வண்டி பிடித்துக் கொடுத்தார். கரிசல் சேறு சக்கரத்தில் அப்பி, வண்டி பத்தடி போவதும் நிற்பதுமாக இருந்தது. குச்சியால் சேற்றைச் சுரண்டிச் சுரண்டித்தான் கரை வரை கொண்டுபோனோம். தெருவே வேடிக்கை பார்த்தது. அம்மா மட்டும் வரவில்லை. மாமா வாயை மூடுகிற ஆள் இல்லை. எங்க ஆடெல்லாம் இந்தத் தண்ணியைத்தான் குடிக்குது, உங்க குங்கிலியத்தைக் குடிச்சிட்டு நாளைக்குப் பால்ல சாம்பிராணி வாடை வந்தா உங்கப்பாதான் பொறுப்பு என்றார். சொல்லிக்கொண்டேதான் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் படகைத் தாங்கினார்.

காய்ந்த படகைத் தண்ணீரில் விட்டதும் அது அழும், அப்புறம் மரம் ஊறித் தானாக மூடிக்கொள்ளும் என்று அண்ணன் சொல்லியிருந்தான். சொன்னது மாதிரியே எல்லா இடுக்கிலும் கசிந்தது. என் பக்கத்தில் அதிகம். நான் தகர டப்பாவால் இறைத்துக்கொண்டே இருந்தேன். மத்தியானத்துக்குள் அவன் பக்கம் ஒரு சொட்டு இல்லாமல் நின்றுவிட்டது. எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. என் பக்கம் மறுநாள் சாயங்காலம்தான் நின்றது. கரையிலிருந்த கருவேல மரத்தில் கயிற்றைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். நாளைக்கு ஷிஃப்ட் முடிஞ்சு வந்து பாருங்க என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சரி என்றார்.

மூன்றாம் நாள் ஆபீஸுக்குப் போகவில்லை. விடிந்ததும் போய்ப் படகுக்குள் உட்கார்ந்துகொண்டேன். உள்ளே வறண்டு கிடந்தது. கையால் தடவித் தடவிப் பார்த்தேன். என் பக்கம், அவன் பக்கம், மறுபடியும் என் பக்கம். வெயில் ஏறியது. அப்பா வர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும்.

முதலில் ஒரு முனகல் கேட்டது. மரம் முனகுவது எப்படி இருக்கும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. தேங்காய் விடலை போடும் முன் கல்லில் உரசுகிற சத்தம் மாதிரி. எங்கிருந்து என்று தெரியவில்லை. காதைப் பலகையில் வைத்தேன். அவன் பக்கம். மூன்றாவது வங்குக்குப் பக்கத்தில் அடிப்பலகை லேசாக மேடு தட்டியிருந்தது. கையால் அழுத்தினேன். அழுத்த அழுத்தக் கைக்குக் கீழேயே அது எழும்பியது. கால் இரண்டையும் அதன்மேல் வைத்து நின்றேன். என் கனம் அதற்குப் போதவில்லை.

டப்பென்று தெறித்தது. ஆணியின் தலை மரத்துக்குள் புதைந்து மறுபக்கம் போய்விட்டது. பலகை வங்கை விட்டு ஒரு விரல் விலகி, தண்ணீர் தடியாக உள்ளே வந்தது.

தாவணி முந்தியைச் சுருட்டி அதில் திணித்தேன். நிற்கவில்லை. டப்பாவால் இறைத்தேன். இறைக்கிற வேகத்தைவிட வருகிற வேகம் அதிகம். மாமாவைக் கூப்பிடலாம் என்றால் ஆடு ஓட்டிக்கொண்டு அந்தக் கரைக்குப் போயிருந்தார். யாரும் பார்க்கும் முன் இந்தப் பலகையை எப்படியாவது வங்கோடு சேர்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் மனசில் ஓடியது. ஆணியை மறுபடி அடிக்கலாம் என்று உளியின் பின்பக்கத்தால் அடித்தேன். அது விரலில் பட்டது. தண்ணீர் முழங்காலுக்கு வந்தபோது கரையில் சைக்கிள் ஸ்டாண்ட் போடுகிற சத்தம் கேட்டது.

அப்பா வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார். நான் அந்த ஓட்டையை உடம்பால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு கேவலமாக இருந்திருக்கும் அது. பாதிப் படகு முங்கிக் கிடக்கிறது, நான் எதை மறைக்கிறேன்?

“அது நான் அடைச்சதுப்பா” என்றேன். “அண்ணன் அடைச்சது அந்தப் பக்கம். இது நான் சரியா அடைக்கல.”

அப்பா என்னைத் தள்ளிவிட்டுக் குனிந்தார். தண்ணீருக்குள் கையை விட்டுப் பலகை ஓரத்தைத் தடவினார். மடியிலிருந்து வெற்றிலைக்குக் காம்பு கிள்ளும் சின்னக் கத்தியை எடுத்து இடுக்கிலிருந்த பஞ்சைக் கிளப்பப் பார்த்தார். வரவில்லை. கத்தியைத் திருகினார். நுனி உடைந்தது. உடைந்த கத்தியாலேயே குத்திக் குத்தி ஒரு துண்டை வெளியே எடுத்தார். கோலிக்குண்டு மாதிரி கெட்டியாக இருந்தது. ஊறிப் பெருத்துப் பலகையின் விளிம்பையே நசுக்கியிருந்தது. அப்பா அதை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டினார். இருபது வருஷமாகப் பஞ்சு பிடித்த கை அது.

“உனக்கு ஏதுட்டி இம்புட்டு பலம்?”

நான் டப்பாவை எடுத்து மறுபடி இறைக்க ஆரம்பித்தேன்.

“மில்லுல பஞ்சு பேலு கட்டுற மாதிரில்லா இறுக்கியிருக்கான். தண்ணி பட்டா பஞ்சு ஊதும், மரமும் ஊதும். அது போக இடம் வேண்டாமா? மயிரளவு இடம் விடலையே.” கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “இடமே விடலையே, கோட்டிக்காரப் பய.”

அப்பா அழுவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். தூத்துக்குடியில் அழவில்லை, கொள்ளி வைத்தபோது அழவில்லை. முழங்காலளவு தண்ணீரில் அந்தப் பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன்.

பிறகு யோசித்தபோதுதான் எனக்கும் புரிந்தது. பட்டறை கடலோரத்தில் இருக்கிறது. அங்கே மரம் எப்போதும் ஈரக்காற்றில் பாதி ஊறித்தான் இருக்கும். எவ்வளவு அடித்தாலும் ஓரளவுக்கு மேல் திரி உள்ளே போகாது. அங்கே பார்த்த அடியை அப்படியே கொண்டுவந்து அவன் எங்கள் பங்குனி வெயிலில் அடித்திருக்கிறான். வாயைத் திறந்து கிடந்த இடுக்கையெல்லாம் முழுசாக நிரப்பிவிட்டான். கடலோரத்துக்காரன் யாரும் செய்யாத தப்பு. நான் பலமில்லாமல், மழையில் அடித்ததால் என் பக்கம் நின்றது. அதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. அவன் பக்கம் போனது அவன் கூடுதல் கவனமாகப் பார்த்ததால்.

மாமா திரும்பி வந்ததும் மூன்று பேருமாகப் படகை இழுத்துக் கரையில் கவிழ்த்தோம். அவர் அன்றைக்கு ஒரு கேலியும் பேசவில்லை. அப்பா சாப்பிடப் போகாமல் அங்கேயே உட்கார்ந்து, வலப்பக்கத்துப் பஞ்சு முழுவதையும் தோண்டி எடுக்க ஆரம்பித்தார். அதற்குப் பொழுது சாயும்வரை ஆனது. நடுவில் ஒரு தடவை கேட்டார்.

“சாரத்துல அவன் நின்ன பலகைய யாரு கட்டுனாவன்னு நீ கேட்டியா?”

இல்லை என்றேன்.

“நானும் கேக்கல” என்றார்.

அப்பா அப்படி ஒன்று சொன்னார் என்பதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஒரு படகின் இடுக்கைப் பார்த்து அவன் விழுந்த நாளில் என்ன நடந்தது என்று சொல்லிவிட முடியாது. நிஜமாகவே அன்றைக்கு அவன் ஒரு நிமிஷம் வேறெங்காவது பார்த்திருக்கலாம். எனக்கும் அது தெரியும். படகை மறுபடி அடைத்து முடிப்பதற்குள் கண்மாயும் வடிந்துவிட்டது. அந்த வருஷம் அது அப்புறம் மிதக்கவில்லை.

ஆனால் படகு முங்கிய அன்று ராத்திரி அப்பா மில்லுக்குப் போகவில்லை. மறுநாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு என்னையும் கிளம்பச் சொன்னார். அங்க போனா எனக்கு வாய் வராது, நீ கூட நில்லு என்றார். எங்கே கிளம்புகிறீர்கள் என்று அம்மா கேட்டாள். தூத்துக்குடிப் பட்டறைக்கு என்றோம். அவள் உள்ளே போய் எனக்கு வேறு தாவணி எடுத்துக் கொடுத்தாள்.

பட்டறையில் மேஸ்திரி எங்களை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். அப்பா டீயைத் தொடவில்லை. பலகை கட்டியது யார் என்று கேட்டார். அதெல்லாம் நாலு பேர் சேர்ந்து கட்டுவது, இன்னார் என்று எப்படிச் சொல்ல என்றார் மேஸ்திரி. அப்பா இரண்டாவது தடவையும் கேட்டார். கட்டு அவிழ்ந்ததா, பலகை ஒடிந்ததா என்று கேட்டார். மேஸ்திரி பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். போன உசுரு திரும்பவா போகுது, பயலும் கொஞ்சம் கவனமா இருந்திருக்கணும் என்று மேஸ்திரி மறுபடியும் ஆரம்பித்தார்.

அப்பா எழுந்துவிட்டார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அன்றைக்கும் உயரவில்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

“பதில் தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க அண்ணாச்சி, கேட்டுக்கிடுதேன். எம்மவன் கவனமில்லாதவன்னு மட்டும் இனிமே சொல்லாதீங்க. நானும் சொல்லமாட்டேன்.”